சுருட்டுத் தாத்தாவின் நுரையீரல்

ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் படிக்கட்டில் சங்கரன் உட்கார்ந்துவிட்டான்.

வேடிக்கை பார்க்க உட்காரவில்லை. பத்துப் பதினைந்து படி ஏறியதும் மூச்சு போதவில்லை. உடன்குடியிலிருந்து வாங்கி வந்த கருப்பட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, உதட்டைக் குவித்துக் குவித்து ஊதிக்கொண்டிருந்தான். எங்களுக்கு முன்னால் ஏறிப்போன எழுபது வயதுக்காரர் ஒருவர் திரும்பி இறங்கி வந்து, தன் தண்ணீர் பாட்டிலை அவனிடம் நீட்டினார்!

சங்கரனுக்கு வயது எழுபத்தொன்று அல்ல. நாற்பத்தொன்று.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவனை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பெட்டிக்கடையில் ஒரு சிகரெட் வாங்கிப் பற்றவைத்தேன். பதற்றமாம்... பதற்றத்தைத் தணிக்கவாம்! வெட்கத்தோடுதான் சொல்கிறேன். ஒரு கையில் பேனா, மறு கையில் சிகரெட் இல்லாமல் நான் இந்த வாராந்தரப் பத்தியை எழுதியதே இல்லை என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

சங்கரன் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் தாத்தாவும் அவன் தாத்தாவும் அண்ணன் தம்பி. அந்த வகையில் எனக்குத் தம்பி. அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். கல்லூரி நாளிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து சிகரெட். அவனுடைய கூடப்பிறந்த தம்பி சண்முகம், வயது இருபத்தெட்டு. மோட்டார் பைக்கில் டாக்டர் டாக்டராகப் போய் இருமல் மருந்து விற்கிற மெடிக்கல் ரெப். அவனுக்கு ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட்.

ஆமாம், இருமல் மருந்து விற்கிறவனுக்குத்தான் இரண்டு பாக்கெட்!

இந்த வாரம் நான் சொல்லப்போவது இந்தச் சண்முகத்தின் கதை. சங்கரனுக்கு ஆனது ஆகிவிட்டது. இளையவனையாவது அந்தப் படிக்கட்டில் உட்காராமல் காப்பாற்ற முடியுமா? இரண்டு மாதமாக என் தலைக்குள் ஓடியது இந்த ஒரே கேள்விதான். ஓடியது என்ன ஓடியது, என்னையும் ஊர் ஊராக ஓட வைத்தது. இவ்வளவு பரபரப்பாக நான் எதையும் தேடி அலைந்ததில்லை. எழுதும்போதுகூடக் கை நிற்கமாட்டேன் என்கிறது.

முதலில் எங்கள் சுருட்டுத் தாத்தாவை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

சுருட்டுத் தாத்தா என் அப்பாவின் அப்பா. காலையில் எழுந்ததும் ஒரு சுருட்டு. சாப்பிட்டதும் ஒன்று. ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது ஒன்று, குளித்துவிட்டு வரும்போது ஒன்று. இருமல் என்றால் என்னவென்றே தெரியாது. எண்பத்தெட்டு வயது வரை இருந்தார். கடைசி நாள் காலையிலும் சுருட்டு பிடித்து, பழையது சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர்தான்.

எங்கள் குடும்பத்தில் யாரிடம் போய் சிகரெட்டை விடு என்று சொன்னாலும், அவரைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் ஆண்கள் கூடிப் பற்றவைக்கும்போது, தாத்தா பெயர் வராமல் தீக்குச்சி அணையாது. நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்!

அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்த கதையைச் சொன்னதும் சண்முகமும் அதையேதான் சொன்னான்.

"அண்ணனுக்கு ஆபீஸ் தூசி அண்ணாச்சி. பழைய ஃபைலத் தட்டித் தட்டி எளைக்கி. தாத்தாவ என்ன செஞ்சுது? நம்ம ரத்தம் அப்படி."

சொல்லிவிட்டு என் சிகரெட்டிலேயே தன்னுடையதைப் பற்றவைத்துக்கொண்டான். நான் அவனுக்கு என்ன புத்தி சொல்வது?

பாளையங்கோட்டையில் நுரையீரல் டாக்டரம்மா ஒருவரிடம் சங்கரனைக் கூட்டிக்கொண்டு போனேன். அதிகம் பேசாதவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், மறுபடியும் கீழே பார்த்தார். சிகரெட்டால் கெடும் நுரையீரல் பெரும்பாலும் மேல்பக்கம்தான் முதலில் கெடும், இவருக்கு அடிப்பாகம் போயிருக்கிறது, வயதும் இதற்கு மிகக் குறைவு என்றார். பிறகு கேட்டார்:

"உங்க வீட்டுல வேற யாருக்காவது இந்தத் தொந்தரவு இருந்துதா?"

டாக்டரம்மா விளக்கியதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். புகை உள்ளே போனதும் அதை எதிர்க்க உடம்பு காவல் நாய்களை அவிழ்த்துவிடுகிறது. அவை வந்த அழுக்கைக் கடித்துக் குதறும். அந்த வேகத்தில் நுரையீரலின் மெல்லிய சுவரையும் கடிக்கப் பாயும். அப்போது நாயைச் சங்கிலி போட்டு இழுத்துப் பிடிக்க, ரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது. கல்லீரல் செய்து அனுப்புகிறது. பெயர் ஆல்ஃபா ஒன் ஆன்டிட்ரிப்சின். மூன்று தடவை கேட்டு எழுதி வாங்கிக்கொண்டேன்.

சிலருக்குப் பிறவியிலேயே அந்தப் புரதம் மிகவும் குறைவாம். அவர்கள் புகை பிடித்தால், மற்றவர்களுக்கு முதுமையில் வருவது முப்பத்தைந்திலும் நாற்பதிலுமே வந்து நிற்கும். அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று பழுதான ஜீன் இரண்டும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தால் இப்படி ஆகும்.

இது நம் பக்கத்தில் அபூர்வம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஜீன் நன்றாக இருக்கிறவர்களின் நுரையீரலைக் கெடுக்கவும் புகை ஒன்றே போதும் என்றார். வேறு எந்தெந்த ஜீன்கள் இதில் கை வைக்கின்றன என்று டாக்டர்களுக்கே இன்னும் முழுசாகத் தெரியாதாம். ஆனாலும் இந்த வயதையும் அந்த எக்ஸ்ரேயையும் பார்த்தால் சந்தேகப்படாமல் இருக்க முடியவில்லை என்றார்.

அடுத்து, சொந்தத்தில் கல்யாணம் செய்கிற வழக்கம் உண்டா என்று கேட்டார். சங்கரனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

உண்டாவாவது! சங்கரனின் அம்மா அவன் அப்பாவுக்கு அத்தை மகள். சங்கரனின் ஆச்சி அவன் தாத்தாவுக்கு மாமன் மகள். முறைப்பெண் இருக்கும்போது வெளியில் பெண் எடுத்தால் அந்தக் காலத்தில் பேச்சுவார்த்தையே நின்றுபோகும். ஒரு வீட்டு ஜீன் அந்த வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தால், பழுதான இரண்டும் ஒரு பிள்ளையிடம் சந்திப்பதற்கு வாய்ப்பு அதிகம்தானே?

டாக்டரம்மா என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். குடும்ப மரம் வரைந்து கொண்டு வரச் சொன்னார். யாருக்கு யார் பிள்ளை, யார் புகை பிடித்தார், எந்த வயதில் எதனால் இறந்தார்... எல்லாம் வேண்டும்.

எனக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தால் போதுமே! பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தை ஒட்டி, பாய் அளவுக்கு ஒரு சார்ட் தயார் செய்தேன். மூச்சு நோய் என்றால் சிவப்பு மை, வேறு ஏதாவது என்றால் நீல மை. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், பாபநாசம் என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். போன இடமெல்லாம் காபியும் முறுக்கும் கொடுத்தார்கள், கேட்ட கேள்விக்கெல்லாம் பதிலும் சொன்னார்கள்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு சார்ட்டை விரித்துப் பார்த்தால், ஒரு சொட்டு சிவப்பு இல்லை.

எல்லாருக்கும் நெஞ்சுவலி! பெரியப்பாவா, நெஞ்சுவலி. அவர் அப்பாவா, நெஞ்சுவலி. சித்தப்பா, மாமா, ஒன்றுவிட்ட அத்தான்... பொட்டென்று போய்விட்டார்களாம், அதற்கு முன்னால் ஒரு தும்மல்கூடக் கிடையாதாம்.

டாக்டரம்மா சார்ட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். உங்கள் குடும்பத்தில் ஹார்ட்டைத் தவிர வேறு எந்த உறுப்பும் கெடவே கெடாதா என்று கேட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

உண்மையைச் சொன்னது பாபநாசத்து அத்தை ஒருத்திதான். அதுவும் இரண்டாவது தடவை போனபோது, வழியனுப்ப வாசல் வரை வந்து, காதோடு காதாகச் சொன்னாள். மூச்சு நோய் என்று வெளியில் சொன்னால் காசம் என்று நினைப்பார்கள். அந்த வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அதனால் எந்தக் காலத்திலோ பெரியவர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டது, நம் வீட்டில் யார் இறந்தாலும் நெஞ்சுவலி! நெஞ்சுவலி என்றால் ஒரு கௌரவம் பாருங்கள், பணக்காரர்களுக்கு வருவதாயிற்றே.

கல்யாணம் நடக்க வேண்டும் என்பதற்காக நோயை மறைத்தார்கள். அந்தக் கல்யாணத்தையும் நோய் இருந்த வீட்டுக்குள்ளேயே செய்துகொண்டார்கள். இதை எங்கே போய்ச் சொல்வது?

திரும்பி வருகிற பஸ்ஸில் தலையைப் பிய்த்துக்கொண்டேன். செத்தவர்களின் மூச்சை இனி எப்படி அளப்பது? ஊர்க்காரர்களின் பேச்சை நம்ப முடியாது. டாக்டர் சீட்டு எதுவும் கிடையாது. அம்பாசமுத்திரம் தாண்டியதும் பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர் ஸ்டாப்பிங் இல்லை என்றார். எனக்கு இறங்க வேண்டியதில்லை, எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்!

எங்கள் குடும்பம் மூச்சை அளந்து எழுதியே வைத்திருக்கிறதே!

பங்குனி உத்திரத்தன்று எங்கள் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் குடும்பமே கூடும். படையல் போட்டதும், சங்கு முறை யாருக்கோ அவர் மூன்று தரம் சங்கு ஊத வேண்டும். சிரிக்காதீர்கள், நீங்கள் நினைக்கிற சங்கு வேறு. ஒவ்வொரு தரமும், பூசாரி தீபாராதனையைச் சுற்றி முடிக்கும் வரை ஊதல் அறுபடக் கூடாது. அறுந்தால் அடுத்த வருடம் வெற்றிலை பாக்கு வைத்து, சங்கை அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும். மூச்சு போய்விட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார் என்பார்கள்.

டாக்டரம்மாவின் அறையில் ஊதிப் பார்க்கிற மெஷின் ஒன்று இருக்கிறது. அதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

ஒவ்வொரு உத்திரத்துக்கும் யார் சங்கு ஊதினார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். அந்த நோட்டு ஸ்ரீவைகுண்டத்தில் செண்பகம் மதினியின் பீரோவில் இருக்கிறது. அவர் கணவர், என் ஒன்றுவிட்ட அண்ணாச்சிதான் கோயில் பொறுப்பைப் பார்க்கிறார். ஆனால் பள்ளிக்கூட டீச்சரான மதினியின் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் இருபது வருடமாக நோட்டு அவரிடம்.

மறுநாள் காலை முதல் பஸ். வழியெல்லாம் இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம், அணைக்கட்டில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு விழுந்ததாம். எனக்கு எங்கே கண் தெரிந்தது? மதினி தலை துவட்டிக்கொண்டே கதவைத் திறந்தார். என்ன ஏது என்று கேட்காமல், சிவப்புத் துணியில் கட்டிய நோட்டை எடுத்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.

சங்கரனின் தாத்தா நாற்பத்துமூன்று வயதில் சங்கை விட்டுக்கொடுத்திருக்கிறார். அவருக்குப் பின் அவருடைய மூத்த மகன், அதாவது சங்கரனின் பெரியப்பா, நாற்பதில். அடுத்து சங்கரனின் அப்பா, நாற்பத்துநான்கில். மூன்று பேரும் பீடியும் சிகரெட்டுமாக இருந்தவர்கள். மூன்று பேருக்கும் ஊரில் சொன்னது நெஞ்சுவலி.

அப்புறம் சங்கு சங்கரனின் சித்தப்பா கைக்கு வந்திருக்கிறது. அவர் பீடியைத் தொடாதவர். இன்றைக்கு அறுபத்தாறு வயது. இந்த வருட உத்திரத்துக்கும் அவர்தான் ஊதினார், மூன்று தரமும் அறுபடவில்லை. என் காதால் கேட்டேன்! அவரிடம் அந்தப் பழுதான ஜீன் இருக்கிறதா இல்லையா என்று ரத்தம் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே அப்பா, ஒரே அம்மாவுக்குப் பிறந்த மூன்று பேரில், புகைத்த இரண்டு பேரின் மூச்சும் நாற்பதுகளோடு முடிந்திருக்கிறது.

பேனாவை எடுத்து சார்ட்டில் சிவப்பு வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. துள்ளிக் குதிக்காத குறைதான்.

அப்போதுதான் ஒன்று இடித்தது. என் தாத்தா எங்கே?

சுருட்டுத் தாத்தாதான் மூத்தவர். சங்கு முதலில் அவர் கைக்கல்லவா வந்திருக்க வேண்டும்? நோட்டு முழுக்கத் தேடினேன். ஒரு வருடத்தில்கூட அவர் பெயர் இல்லை. வாயில் சுருட்டு இருக்கும்போது சங்கை எங்கே வைப்பார் என்று எங்கள் வீட்டில் கேலியாகச் சொல்வார்கள். நானும் அதை நம்பியிருந்தேன்.

மதினி காபியை வைத்தார்.

"தம்பி, மொதப் பக்கத்தப் பாத்தியளா?"

பார்க்கவில்லை. திருப்பினேன். பூட்டனாரின், அதாவது தாத்தாவுடைய அப்பாவின் கையெழுத்து. பிள்ளையில்லாத காரணத்தால் வெளியூரில் ஒரு வீட்டிலிருந்து ஆண் குழந்தையைச் சுவீகாரம் எடுத்த விவரம். குழந்தையின் பெயர், என் தாத்தாவின் பெயர். அதற்குக் கீழே இரண்டு வருடம் கழித்து, தெய்வ கிருபையால் சொந்த மகன் பிறந்த விவரம். அவர் சங்கரனின் தாத்தா.

சங்கு ரத்த வாரிசுக்குப் போயிருக்கிறது.

"பெரியவங்க எல்லாருக்கும் தெரியும் தம்பி. ஒங்கள மாதிரி சின்னவங்களுக்குத்தான் யாரும் சொல்லல. சொல்லி என்ன ஆவப்போவுது? நீங்க நம்ம வீட்டுப் பிள்ளதானே."

மதினி சாதாரணமாகத்தான் சொன்னார். அப்பா ஒருநாளும் என்னிடம் இதைச் சொன்னதில்லை. நாற்பத்தாறு வயது வரை ஒரு குடும்பத்துப் பெருமையெல்லாம் பேசித் திரிந்தவனிடம், நீ அந்த ரத்தம் இல்லை என்றால் எப்படி இருக்கும்? காபி ஆறி ஆடை கட்டும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் அந்த வருத்தம் நீடிக்கவில்லை. ஏன் தெரியுமா? திடீரென்று எல்லாம் விளங்கிவிட்டது!

சுவீகாரப் பிள்ளைக்கு முறைப்பெண் யார் கொடுப்பார்கள்? அதனால்தான் என் தாத்தாவுக்கு வெளியில் பெண் எடுத்திருக்கிறார்கள். என் அப்பாவுக்கும் வெளியில்தான். அந்த வீட்டு ஜீன் ஒன்றுகூட எங்கள் பக்கம் வரவில்லை. இத்தனை வருடமாக எந்த நுரையீரலைக் காட்டி இந்த வீட்டு ஆண்கள் ஒவ்வொருவராகப் பற்றவைத்தார்களோ, அந்த நுரையீரல் இந்த வீட்டு நுரையீரலே இல்லை! குடும்பத்திலேயே நல்ல மூச்சு உள்ள மனிதரிடம் கடைசி வரை சங்கைக் கொடுக்கவுமில்லை.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நேராகச் சண்முகத்தின் வீட்டுக்குத்தான் போனேன். மூச்சிரைக்கச் சொல்லி முடித்தேன். அவன் கைதட்டிக் கொண்டாடுவான் என்று நினைத்தேனோ என்னவோ... அவன் முகம் விழுந்துவிட்டது.

"அப்போ அவரு ஒங்களுக்குத்தான் தாத்தாவா? எனக்கு இல்லையா?"

சண்முகம் சிறுவயதில் தாத்தாவோடு ஆற்றுக்குப் போய் வளர்ந்தவன். நான் சந்தோஷமாகக் கொண்டுபோன கண்டுபிடிப்பு, அவனுக்குத் தாத்தாவைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அதன்பின் அவன் வாதாடவில்லை. ரத்தம் கொடுக்க வருகிறேன் என்று மட்டும் சொன்னான். ஆனால் சொல்லும்போதும் கையில் சிகரெட் இருந்தது.

சிவப்பு வைத்த சார்ட்டை டாக்டரம்மாவின் மேஜையில் பெருமையாக விரித்தேன். சங்கு நோட்டைப் பற்றிச் சொன்னபோது அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதிகம் பேசாத அந்தப் பெண்மணி, யார் யாருக்குச் சங்கைக் கொடுத்தார் என்பதை இரண்டாம் தரம் சொல்லச் சொன்னார்! ஒவ்வொரு கோடாக விரல் வைத்து வந்தார். கடைசியில் நிமிர்ந்தார்.

"எல்லாரும் இருக்காங்க. நீங்க எங்க?"

அடக் கடவுளே. நாற்பது ஐம்பது பேரை எழுதியவன் என்னை எழுதவில்லை! தாத்தாவுக்குக் கீழே அப்பா, அப்பாவுக்குக் கீழே ஒரு கோடு... அதற்கு அப்புறம் வெறும் தாள். சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் துருத்திக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அதையும் பார்த்துவிட்டார். நானும் ரத்தம் கொடுத்தேன்.

மூன்று பேருடைய ரத்தமும் சென்னைக்குப் போனது. பதினாறு நாள். அந்தப் பதினாறு நாளும் நான் இருமிய ஒவ்வொரு இருமலையும் எண்ணினேன். சுவீகாரம், வெளியூர்ப் பெண் என்று என்ன சமாதானம் சொல்லிக்கொண்டாலும், மாடிப்படி ஏறும்போது உதட்டைக் குவித்து ஊதிப் பார்த்துக்கொண்டேன்.

கவர் வந்த அன்று காலை பதினொரு மணிக்கு மூன்று பேரும் டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

சங்கரனுக்கு அந்தப் புரதம் இருக்கிறது என்று சொல்ல முடியாத அளவு குறைவு. அவன் எதிர்பார்த்ததுதான், தலையை ஆட்டினான். சண்முகத்துக்கும் அதே அளவு. எனக்கு எல்லாம் சரியாக இருந்தது.

என் மனம் அப்போது என்ன செய்தது என்பதை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. துள்ளியது! பக்கத்தில் அந்த இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கும்போதே துள்ளியது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். டாக்டரம்மா உடனே என் பக்கம் திரும்பி, ஒரு பூட்டு பத்திரமாக இருந்தால் வீடே பத்திரம் என்று நினைக்காதீர்கள், சிகரெட் இதயத்தைக் கெடுக்கும், புற்றுநோயைக் கொண்டுவரும், இந்த நல்ல ஜீன் அதற்கெல்லாம் காவல் இல்லை என்று கறாராகச் சொன்னார். அது என் ஒரு காதில்தான் விழுந்தது.

பிறகு சண்முகத்தை மெஷினில் ஊதச் சொன்னார். மூன்று தடவை ஊதினான். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவின் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"நுரையீரல் இன்னும் நல்லா இருக்கு. நீங்க இன்னைக்கே விட்டா, இதை நாம காப்பாத்திரலாம்."

சங்கரன் எழுந்து தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான். இந்தச் சொல்லுக்காகத்தானே இரண்டு மாதம் அலைந்தேன்!

சங்கரனை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, நானும் சண்முகமும் எதிரில் இருந்த டீக்கடைக்குப் போனோம். டீ வந்தது. பழக்க தோஷம், என் கை பாக்கெட்டை வெளியில் எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் உறைத்தது. மறுபடியும் உள்ளே வைக்கப் போனேன்.

"பிடிங்க அண்ணாச்சி. ஒங்களுக்குத்தான் ஒண்ணும் செய்யாதுல்லா."

குத்தலாகச் சொல்லவில்லை. அவனுக்குக் குத்தலாகப் பேசத் தெரியாது. டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே பைய சொன்னான்.

"நீங்களும் தாத்தா மாதிரி நல்லா இருப்பிய. நாளைக்கு எனக்கு ஒரு பிள்ள பொறந்து, அது பதினெட்டு வயசுல பத்தவைக்கும். நான் விடுலேன்னு சொன்னா, பெரியப்பாவ என்ன செஞ்சுதுன்னு கேக்கும். நான் என்ன பதில் சொல்ல?"

எத்தனையோ வருடமாக வாரம் தவறாமல் இந்தப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பாக்கெட் இன்னும் என் கையில்தான் இருந்தது.

அவன் பிள்ளையின் ரத்தத்தில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பிள்ளைக்கு என் ரத்தத்தைப் பற்றித் தெரியாது. நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டா பற்றவைப்பான்? பெரியப்பா என்றால் பெரியப்பாதான். எங்கள் தாத்தா ஒரு குற்றமும் செய்யாதவர். சந்தோஷமாகச் சுருட்டுப் பிடித்தார், சந்தோஷமாக இருந்தார். அவர் நன்றாக இருந்ததைப் பார்த்துத்தான் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக மூச்சை விட்டார்கள்.

பாக்கெட்டை அந்தக் கடை வாசல் சாக்கடையில் போட்டேன். சண்முகம் தன்னுடையதையும் எடுத்துப் போட்டான். டீக்கடைக்காரர் எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இன்றோடு பத்தொன்பது நாள். பொய் சொல்லவில்லை, நாலாம் நாள் சண்முகம் ஒன்று குடித்துவிட்டு அவனாகவே வந்து சொன்னான். ஏழாம் நாள் நான் ஒன்று. ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தோம். வாய் கசக்கிறது, கை எதையோ தேடுகிறது, வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுகிறேன். இந்தப் பத்தியை எழுதி முடிப்பதற்குள் ஒரு பை நிறையக் கடலைமிட்டாய் காலி.

ரத்தமே பாஸ் மார்க் போட்டு அனுப்பிய பிறகு ஏன் விட்டாய் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதனால்தான் விட்டேன் என்றால் அவர்களுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

எண்பத்தெட்டு வயது வரை நான் இருந்தாலும் இருப்பேன். ஆனால் என்னைக் காட்டி, எங்கள் குடும்பத்தில் ஒருவன்கூடப் பற்றவைக்க முடியாது!